தலை வெட்டிய வில்லோ

அன்புள்ள யாழினி,

டச்சு ஓவியங்களில் ஓக் என்றால் வலிமை, பட்ட மரம் என்றால் மரணம், வில்லோ என்றால் துயரம் என்று நீ போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓவியம் என்ன பஞ்சாங்கமா, பலன் பார்த்துச் சொல்ல? டச்சு ஓவியர் ரொய்ஸ்டாலின் ‘யூதர் கல்லறை’யில் பட்ட மரம் சாவைத்தான் பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லா மரத்துக்கும் ஜாதகம் எழுதிவிடுவதா?

1882 வசந்தத்தில் ஹேக் நகரில் வான்கோ இரண்டு சித்திரங்கள் வரைந்தார். ஒன்று ‘துயரம்’. அவருக்கு மாடலாக இருந்த கர்ப்பிணி சியன், ஆடையின்றி, கைகளில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கிறாள். மற்றது மணல் நிலத்து வேர்கள். புயல் பாதி பிடுங்கிப் போட்ட பிறகும் மண்ணை விடாத வேர்கள். இரண்டிலும் வாழ்க்கைப் போராட்டத்தைக் காட்ட நினைத்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். ‘பார்த்தீர்களா, குறியீடுதானே!’ என்பாய். அவசரப்படாதே. தத்துவம் பேசாமல் இயற்கைக்கு உண்மையாக இருக்க முயன்றதால், அந்தப் போராட்டம் ஏறக்குறைய தன்னை அறியாமலே உள்ளே வந்துவிட்டது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். இதைப் படிக்காமல் குறியீடு பேசுகிறவர்களோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

இனி, நீ துயரம் என்று எழுதிய வில்லோவுக்கு வருகிறேன். ஹாலந்து வில்லோவுக்கு அந்த முண்டுத்தலை உருவம் எப்படி வந்தது தெரியுமா? மாடு எட்டாத உயரத்தில் தலையை வெட்டிவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, துளிர்த்து நீண்ட கொம்புகளை அறுத்துக் கூடை முடைவார்கள், அணைக்கரைக்குக் கட்டுக்கட்டாகப் போடுவார்கள். வெட்டுப்பட்ட இடம் வீங்கி முண்டாகும், அடிமரம் பொந்தாகும், துளிர்ப்பது மட்டும் நிற்காது. ஆக, அந்த முண்டு வேலை வாங்கியதால் வந்தது. இது தெரியாமல் ‘சோக மரம்’ வரைகிறவர்கள் கிளைகளைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள்! வரிசையாக நிற்கும் இந்த மரங்கள் முதியோர் விடுதிக் கிழவர்களின் ஊர்வலம்போல இருப்பதாக வான்கோ எழுதினார். அதே 1882 இலையுதிர்காலத்தில் அவருக்கு மாடலாக நின்றவர்களும் அத்தகைய கிழவர்கள்தான்.

ரெம்பிராண்டை விட்டுவிட மனமில்லை. அவருடைய 1648ஆம் ஆண்டு எட்சிங் அச்சோவியம் ஒன்றில், இப்படித் தலை வெட்டிய வில்லோவின் அருகே புனித ஜெரோம் எழுதிக்கொண்டிருக்கிறார். துறவியைச் சில கோடுகளில் முடித்துவிட்டு, பொறுமையையெல்லாம் மரப்பட்டையில் செலவழித்திருக்கிறார் மனிதர். சிங்கம்கூட மரத்துக்குப் பின்னால்தான்.

அடுத்த கடிதத்தோடு, வான்கோவின் அந்த வேர்களைப் பென்சிலில் பிரதியெடுத்து அனுப்பு. நிழல் தீட்டாதே. எந்த வேர் இன்னும் பாரம் தாங்குகிறது, எது சும்மா தொங்குகிறது என்பது கோட்டிலேயே தெரிய வேண்டும்.