குதிரை வண்டிப் பாட்டியும் நம் கற்பனைகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் சுற்றுலா போய்வந்தவர்களின் கைபேசியில் அந்தப் படம் தவறாமல் இருக்கும்: வெள்ளைக் குல்லாய், நீண்ட கவுன், குதிரை வண்டியில் ஒரு பாட்டி. கீழே ‘ஆமிஷ் மூதாட்டி’ என்று குறிப்பு. வண்டி சாம்பல் நிறமானால் சரி. கறுப்பானால் அவர் அநேகமாக ஆமிஷ் அல்ல, பழைய மரபு மெனோனைட். பூப்போட்ட துணி, தாடி மழித்த கணவர், வாசலில் சைக்கிள் எல்லாம் அதையே சொல்லும். அந்த வட்டாரத்து ஆமிஷ் பெண்கள் ஒற்றை நிறத் துணிதான் உடுத்துவார்கள். மணமான ஆண்கள் தாடி வளர்ப்பார்கள். சைக்கிளுக்குப் பதில் காலால் உந்தும் ஸ்கூட்டர்.

வேர் ஒன்றுதான். விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதே ஞானஸ்நானம் என்று 1525இல் சூரிச்சில் பிரிந்து நின்றவர்களின் வழிவந்தவர்கள் இரு சாராரும். மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியாரின் பெயரால் மெனோனைட் என்றானார்கள். ஒழுங்கு இன்னும் கடுமையாக வேண்டும் என்று 1693இல் யாக்கோப் அம்மான் பிரிந்துபோனதில் ஆமிஷ் உண்டாயிற்று. மெனோனைட் என்றாலே குதிரை வண்டி என்பதும் தவறு. அவர்களில் பெரும்பாலோர் காரை விலக்காதவர்கள். வட அமெரிக்காவைவிட ஆப்பிரிக்காவில்தான் எண்ணிக்கை அதிகம். தெலங்கானாவின் மகபூப்நகரிலும் சத்தீஸ்கரின் தம்தரியிலும்கூட மெனோனைட் சபைகள் உண்டு.

கறுப்பு வண்டியில் போகும் நம் பாட்டி க்ரோஃப்டேல் என்ற மெனோனைட் சபைக்காரர். காரை ஏற்பதா வேண்டாமா என்று 1927இல் சபை உடைந்தபோது வேண்டாம் என்றவர்களின் வாரிசு. அவர் வீட்டில் மெழுகுவத்திதான் எரியும் என்று எண்ணினால் ஏமாறுவீர்கள். மின்விளக்கு உண்டு, தொலைபேசியும் உண்டு. தொலைக்காட்சி கிடையாது. வயலில் டிராக்டர் ஓடும், ஆனால் ரப்பர் டயர் இல்லாமல் இரும்புச் சக்கரத்தோடு. ரப்பர் டயர் போட்டால் டிராக்டரே காராகிவிடும், ஆள் சாலையேறி ஊரைவிட்டுப் போய்விடுவான் என்ற கணக்கு. இயந்திரம் பாவம் என்பதல்ல அவர்கள் வாதம். இது வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தேவைப்படாமல் போவாரா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாட்டியின் மிச்ச வாழ்க்கையும் சாவும் விளங்கும்.

அங்கே பெண்ணுக்குக் குரலே இல்லை என்பது பாதி உண்மை. போதகர் பொறுப்பு ஆண்களுக்கே. படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்கும். மருத்துவராக ஆசைப்படும் சிறுமிக்கு அந்த ஊருக்குள் வழியில்லை. இதை யாரும் பூசி மெழுக வேண்டாம். ஆனால் ஞானஸ்நானம் கேட்பதும் கேட்காததும் அவள் முடிவு. இவர்கள் வீடுகளில் பைபிளுக்கு அடுத்துப் போற்றப்படும் ‘தியாகிகளின் கண்ணாடி’ 1660இல் வந்த நூல். அதில் வரும் தியாகிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். அவர்களில் ஒருவரான அன்னெக்கன் யான்ஸ் 1539இல் ராட்டர்டாமில் மூழ்கடித்துக் கொல்லப்படுவதற்கு முன் தன் கைக்குழந்தைக்கு ஒரு கடிதம் விட்டுப்போனார். அதை வாசித்துக் கேட்டு வளர்ந்த பெண்களை வாயில்லாப் பூச்சிகள் என்று நினைப்பது நம் அவசரம்.

வயதானதும் ஒதுக்கிவிடுவார்கள் என்று சிலரும், கூட்டுக்குடும்பத்தின் சொர்க்கம் என்று சிலரும் சொல்கிறார்கள். பண்ணையை மகனோ மகளோ எடுத்துக்கொண்டதும், அதே வீட்டை ஒட்டி ‘டாடி ஹவுஸ்’ என்ற சின்ன வீட்டுக்குப் பெரியவர்கள் மாறுவார்கள். தனி அடுப்பு, தனிக் கதவு. மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கேள்விப்பட்டதில்லை. பாட்டி சும்மாவும் இருப்பதில்லை. தோட்டம், காய்கனியைப் புட்டியில் அடைப்பது, ஒட்டுப்போர்வை தைப்பது என்று கை ஓயாது. அத்தகைய போர்வைகள் பல, 1920இல் பசியில் வாடியவர்களுக்காகத் தொடங்கிய மெனோனைட் மத்தியக் குழுவின் நிவாரண ஏலங்களுக்குப் போகின்றன. குளிர்காலத்தில், எளிய உடைக்காரர்கள் எனப்படும் ஆமிஷ், மெனோனைட் முதியவர்கள் பலர் வாடகைப் பேருந்தில் ஃபுளோரிடாவின் பைன்கிராஃப்டுக்குப் போய் மூன்று சக்கர சைக்கிளில் வெயில் காய்வது தனிக் கதை.

மருத்துவரிடம் போகாமல் ஜெபித்தே சாவார்கள் என்பது சுத்தப் பொய். மருத்துவமனையை அவர்கள் மறுப்பதில்லை. பரம்பரை நோயுள்ள ஆமிஷ், மெனோனைட் குழந்தைகளுக்காக லான்காஸ்டர் பகுதியில் 1989இல் தொடங்கிய சிறப்பு மருத்துவ நிலையம் மரபணு ஆய்வில் பெயர் பெற்றது. அவர்கள் மறுப்பது காப்பீட்டு நிறுவனத்தை. பில் வந்தால் சபை பங்கிட்டுக் கட்டும். இப்படிப்பட்ட சபைகளில் சுயதொழில் செய்பவர்களுக்கு அரசின் முதியோர் காப்பீட்டு வரியிலிருந்து 1965இலேயே சட்டம் விலக்கு தந்தது. விலக்கு வாங்கினால் அந்த ஓய்வூதியமும் கிடையாது. எனவே கடைசி நாட்களில் குழாய்களோடு ஆஸ்பத்திரியில் கிடப்பதா, சொந்தக் கட்டிலிலா என்பதை விருப்பமும் செலவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

இறந்ததும் உடலைத் தாங்களே குளிப்பாட்டிப் புதைத்துவிடுவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் உள்ளூர் இறுதிச்சடங்கு நிறுவனம் உடலை எடுத்துப்போய், பதப்படுத்தித் திருப்பிக் கொண்டுவரும். சவப்பெட்டி அலங்காரமில்லாத மரப்பெட்டி. அதற்குள் பண்ணை வேலையும் வீட்டு வேலையும் கைமாறியிருக்கும். பால் கறப்பது அண்டை வீட்டார், சமைப்பது சபைப் பெண்கள், குழி வெட்டுவதும் அக்கம்பக்கத்து ஆண்கள்தான். துக்க வீட்டாருக்கு ஒரே வேலை, நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் கையைப் பிடிப்பது. டிராக்டருக்கு இரும்புச் சக்கரம் போட்ட காரணம் அடக்கம் வரையிலான இந்த நாட்களில் கண்ணுக்குத் தெரியும். அடக்கம் முடிந்ததும் பெரும்பந்தி. அந்த வட்டாரத்தில் உலர்திராட்சை வைத்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரத்துக்கே ‘சாவு பை’ என்று பெயர். எந்தப் பருவத்திலும் கையிருப்பில் உள்ள பழம் அது, கெடவும் கெடாது.

அடக்க ஆராதனையில் பாட்டியின் பெருமையை யாரும் பேசமாட்டார்கள். பிரசங்கம் கடவுளைப் பற்றியும் இருப்பவர்களின் நாளைய சாவைப் பற்றியும் இருக்கும். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கல்நெஞ்சமாகப் படும். புகழ்ச்சி அகந்தையை வளர்க்கும் என்பது அவர்கள் அச்சம். செத்தவருக்குக்கூட அதில் சலுகையில்லை. துக்கம் வேறு இடத்தில் தெரியும். நெருங்கிய பெண்கள் மாதக்கணக்கில் கறுப்பு உடுத்துவார்கள். எளிய உடைக்காரர்களின் வாரப் பத்திரிகையான ‘டி போட்ஷாஃப்ட்’டுக்கு ஊர் நிருபர் எழுதும் கடிதத்தில் பாட்டியின் மறைவு வரும். மழையும் சோள விளைச்சலும் அதே கடிதத்தில் அடுத்தடுத்து வரும்.

பொருளாசை துறந்தவர்கள் என்ற நம்பிக்கையையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. பாட்டி விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களையும் போர்வைகளையும் பொது ஏலத்தில் விடுவது அங்கே சகஜம். அம்மாவின் பீங்கான் தட்டுக்காக அக்காவும் தங்கையும் எல்லார் முன்னும் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். தட்டு அதிகம் கேட்டவருக்கு, பணம் பிள்ளைகள் எல்லாருக்கும்.