பனிச்சாலையில் ஒரு கார் – ஏற்றலாம், இறக்கலாம்!



"பனியே கொட்டாத ஊர்ல இருந்துகிட்டு இது நமக்கு எதுக்குடி?" என்று என் தோழி கேட்டாள். உராய்வு, புவிஈர்ப்பு மையம், துருப்பிடித்தல் என்று நாம் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் மூன்றும் ஒரே காரில் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். சில கார்களில் ஷாக் அப்சார்பர் குழாயில் மரை வெட்டியிருக்கும். அதிலுள்ள வளையத்தை மேலே திருகினால் காரும் உயரும். இன்னொரு குமிழைத் திருப்பினால் துள்ளலை அடக்கும் வேகம் கூடும், குறையும்.

1955-இல் பாரிஸில் அறிமுகமான சிட்ரோயன் டி.எஸ். காரில் திருகவே வேண்டாம். உருண்டைக் கலத்தில் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து ஸ்பிரிங் வேலையைச் செய்தன. ஓட்டுநர் உள்ளிருந்தே ஒரு நெம்புகோலால் உயரத்தை மாற்றலாம். அதே குடும்பத்து ஐ.டி.19 கார் 1959-இல், குளிர்காலத்தில் நடக்கும் மான்டி கார்லோ ராலியில் முதலிடம் பெற்றது.

பனிக்காலத்தில் கவனிக்க வேண்டியவை:

1. உயரம்: கார் தாழ்வாக இருந்தால் அடிப்பாகம் பனிக்குவியலில் உட்கார்ந்துவிடும். சக்கரத்தில் எடை குறையும், உராய்வு போச்சு! அதற்காக ரொம்ப ஏற்றினால் புவிஈர்ப்பு மையம் மேலே போய், திருப்பத்தில் கார் சாயும். உயரத்தை மாற்றினால் சக்கரக் கோணத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் சரிபார்க்கணும். இல்லையென்றால் எதிரே வருபவர் கண் கூசும்.

2. இறுக்கம்: குளிரில் உள்ளிருக்கும் எண்ணெய் கெட்டியாகும். சக்கரம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசையாமல் துள்ளினால் பிடிமானம் போகும். அதனால் குமிழைச் சற்றுத் தளர்த்துவார்கள்.

3. உப்பு: சுத்தமான நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். உப்பு நிறையக் கரைந்த நீர் சுமார் -21 டிகிரி வரை உறையாது. அதனால் கனடா போன்ற நாடுகளில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். ஆனால் அந்த உப்புநீர் மரையில் ஏறி, வளையம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். குளிர் தொடங்குமுன்பே உயரத்தைச் சரிசெய்து, மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவணும்.

செய்து பாருங்கள்: மூன்று ஆணிகள் எடுங்கள். ஒன்று நல்ல தண்ணீரில், ஒன்று உப்புநீரில், ஒன்று கிரீஸ் தடவி உப்புநீரில். ஒரு வாரம் கழித்து எது அதிகம் துருப்பிடித்தது என்று இந்தப் பலகைக்கு வந்து சொல்லுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி