தஞ்சாவூருக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. தீபாவளிக்கு இங்கே வந்திருந்தபோது முடி புஸ்ஸென்று உப்பிக்கொள்கிறது என்று கண்ணாடி முன்னால் முணுமுணுத்தாய். டெல்லிக்குத் திரும்பியதும், ஸ்வெட்டரைக் கழற்றினால் முடி குத்திட்டு நிற்கிறது, சீப்பு வைத்தால் சடசடக்கிறது என்கிறாய். இரண்டுக்கும் சேர்த்து, குளித்தபின் பூசி அலசாமல் விட்டுவிடுகிற மாதிரி வீட்டிலேயே செய்ய ஒரு கிரீம் கேட்டிருக்கிறாய். ஒரே கிரீம் இரண்டு ஊருக்கும் ஒத்துவராது. உன் முடி ஒன்றுதான், காற்று வேறு.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதை வடிவத்தில் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். பிளஸ் டூவில் படித்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே துணியே உலர மாட்டேன் என்கிறது. வாய்க்காலும் வயலும் தளும்பி நிற்க, மேலே வடகிழக்குப் பருவமழை. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஒவ்வொரு இழையும் பருத்துத் தன் போக்கில் வளைகிறது. சுருளும் அலையும் கலந்த உன் முடிக்கு இது இன்னும் அதிகம். டெல்லியில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற அறையில் ஈரம் கிடையாது. பிளாஸ்டிக் சீப்பு உரசும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போய்விடும். எல்லா இழையும் ஒரே மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். இங்கே என்றால் அந்த மின்னூட்டம் ஈரத்தின் வழியே கசிந்து போய்விடும். அங்கே போக வழியில்லாமல் முடியிலேயே தங்கிவிடுகிறது.

முதலில் நம் ஊருக்கு. வெண்ணெய் மாதிரி அடித்தெடுத்த தேங்காய் எண்ணெய் கிரீமை வீடியோக்களில் பார்த்திருப்பாய். பார்க்க அழகுதான். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். மார்கழி விடியற்காலை தவிர தஞ்சாவூரில் அது எப்போது உறைந்து கிடந்தது? சித்திரையில் டப்பாவைத் திறந்தால் எண்ணெய்தான் இருக்கும். ஆகவே இங்கே கிரீமை விட ஜெல் நல்லது.

கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்க விடு. கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கும்போது அடுப்பை அணைத்துவிடு. ஆறவிட்டால் வடிகட்டவே முடியாது. சூடாக இருக்கும்போதே பழைய மெல்லிய துணியில் ஊற்றி, கரண்டியால் அழுத்திப் பிழிந்துவிடு. ஆறியபின் தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு சேர்த்து அடித்துக்கொள். இந்த வழுவழுப்பு முடிமேல் மெல்லிய படலமாகக் காய்ந்து இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும். கிளிசரின் சேர்க்கச் சொல்வார்கள், மழைக்காலத்தில் வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுத்து முடிக்கே கொடுக்கும், நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

நெல் விளையும் ஊரில் வடிகஞ்சியை விட்டுவிட்டு ஆளி விதையா என்று பாட்டி கேட்பாள். குக்கர் வந்தபிறகு கஞ்சி வடிக்கிற வீடே குறைந்துவிட்டது, அது வேறு கதை. கஞ்சியை நிறைய நீர் விட்டுத் தலையில் ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து அலசிவிடுவது நல்ல வழக்கம். அலசாமல் விட்டால் கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை மாதிரி முடி விறைத்துக்கொள்ளும். புளித்த வாடை வேறு வரும். அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலையும் அப்படித்தான். தேய்த்துக் குளிக்கத்தான் அவை, பூசி வைத்துக்கொண்டால் திப்பி உதிரும்.

இனி டெல்லிக்கு. அங்கே அசல் கிரீம் வேண்டும், அதற்குக் கொஞ்சம் வேதியியலும் வேண்டும். ஈரமான முடியின் மேற்பரப்பு, முக்கியமாகச் சேதப்பட்ட இடங்கள், எதிர்மின்னூட்டம் கொண்டவை. கடையில் விற்கும் கண்டிஷனரில் நேர்மின்னூட்டத் தலையும் கொழுப்பு வாலும் கொண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. தலை முடியோடு ஒட்டிக்கொள்ள, வால் வெளியே நின்று உரசலைக் குறைக்கும், மின்னூட்டம் சேராமலும் தடுக்கும். வீட்டில் கிரீம் செய்கிறவர்கள் இதற்காக வாங்குவது பிடிஎம்எஸ்-50 என்ற வெள்ளைத் துண்டுகள். எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைப்பதும் அதுவேதான்.

நூறு கிராம் செய்யக் கணக்கு இது: காய்ச்சி வடித்த நீர் 88 கிராம், பிடிஎம்எஸ் 4, செட்டைல் ஆல்கஹால் 2, பாதாம் எண்ணெய் 5, ஃபீனாக்சிஎத்தனால் 1. ஸ்பூன் அளவு ஆகாது, சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். நீரை ஒரு பாத்திரத்திலும், பிடிஎம்எஸ், செட்டைல் ஆல்கஹால், எண்ணெய் மூன்றையும் இன்னொன்றிலும் வைத்து, கொதிநீர்ச் சட்டிக்குள் 70 டிகிரிக்கு மேல் சூடாக்கு. துண்டுகள் முழுக்கக் கரைந்தபின் இரண்டையும் கலந்து, ஆறும்வரை அடித்துக்கொண்டே இரு. கை பொறுக்கும் சூடு, சுமார் 40 டிகிரிக்கு வந்ததும் ஃபீனாக்சிஎத்தனாலைச் சேர். செட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதே, அது மெழுகு போன்ற கொழுப்பு, முடியை உலர்த்தாது.

ஃபீனாக்சிஎத்தனால் பதனப்பொருள். 'கெமிக்கல் இல்லாதது' என்று பெருமை பேசி அதை விட்டுவிடாதே. நீர் இருக்கிற எதிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வரும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். பதனப்பொருள் இல்லாத ஆளி விதை ஜெல்லை ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடு. வாடையோ நிறமோ மாறினால் கொட்டிவிடு. கற்றாழையும் அப்படியே.

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடாதே. மும்பையில் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரெலே, மொஹிலே இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றில் முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனம்தான், அதையும் மனதில் வை. ஆனால் காரணம் நம்பும்படி இருக்கிறது: அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறுகள் முடிக்குள் புகுகின்றன.

பூசும் விதம்: தலையைத் துவட்டும்போது துண்டால் பரபரவென்று தேய்க்காதே, ஒற்றியெடு. ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, நுனியிலிருந்து மேலே கொண்டுபோ. காதுக்கு மேல் வேண்டாம். பொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெய்ப் பசையே கூடாது. இங்கே வரும்போது ஜெல் பூசிய கையோடு தளர்வாகப் பின்னிவிடு. அவிழ்ந்த பிணைப்புகள் பின்னலின் வடிவத்திலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பார்த்திருக்கிறாயே, 1011இல் வார்த்த சிவன் சிலை. அந்தச் சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிவைத்த சிற்பிக்கு அடங்காத முடியை என்ன செய்வதென்று தெரிந்திருக்கிறது.

ஹாஸ்டலில் போர் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்கிறதா பார். நுரைக்காவிட்டால் சுண்ணாம்பு அதிகம், என்ன பூசினாலும் முடி சொரசொரக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் ஒரு சொம்பு எடுத்துக்கொள். பிளாஸ்டிக் சீப்பை மாற்றி மரச்சீப்பு வாங்கு. பிடிஎம்எஸ்ஸும் செட்டைல் ஆல்கஹாலும் ஆன்லைனில் கிடைக்கும், தராசு நான் அனுப்புகிறேன். முதல் தடவை ஐம்பது கிராமுக்கு மேல் செய்யாதே. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் தலைக்குப் போடு.

அன்புடன்,
அத்தை