முகப்பில் இருக்கிறது மதிப்பு

கேள்வி: பழைய ரோலெக்ஸ் டேடோனா கைக்கடிகாரங்களில் தொடக்ககாலத்தவற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

பதில்: ரோலெக்ஸ் காஸ்மோகிராஃப் 6239 என்ற மாதிரி எண்ணுடன் 1963-இல் வெளிவந்தது. கார் பந்தயக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த கடிகாரம். உள்ளே வால்ஜூ 72 வகை இயந்திரம். கையால்தான் சாவி கொடுக்க வேண்டும். முதலில் வந்தவற்றின் முகப்பில் ‘டேடோனா’ என்ற சொல்லே கிடையாது. விளிம்பு வளையத்தின் வேக அளவு 300 வரை ஓடும். பிறகு அது 200 ஆகக் குறைந்தது.

வேடிக்கை என்னவென்றால், அன்று இது கடைகளில் தேங்கிக் கிடந்த சரக்கு. சிங்கர் நிறுவனம் செய்த இருவண்ண முகப்பை விரும்பியவர்கள் இன்னும் குறைவு. அதனாலேயே இன்று அது அரிது. அத்தகைய கடிகாரத்தைக் கட்டியிருந்த நடிகர் பால் நியூமனின் பெயரே அந்த முகப்புக்கு நிலைத்துவிட்டது. அவருடைய கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது.

மதிப்பு முகப்பில் இருப்பதால் மோசடியும் அங்கேதான். சாதாரண 6239-இல் போலி முகப்பைப் பொருத்திவிடுவார்கள். அசலில் சிறுவட்டங்களின் கோடுகள் குட்டிச் சதுரங்களில் முடியும். பூதக்கண்ணாடியில் முதலில் பார்ப்பது அதைத்தான். பளபளவென்று மெருகேற்றிய கூட்டைவிட, கீறலோடு விளிம்பு மழுங்காமல் இருக்கும் கூட்டுக்கே சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.