பனிச்சரிவும் குளிர்கால மலைப் பிரயாணமும்

ஜனவரி மாதத்தில் சில நாட்கள் செம்பூரிலும் மாதுங்காவிலும் அதிகாலையில் குளிர்காற்று வீசுவதை நாம் அறிவோம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்னும் வானிலை அமைப்பு இமயத்தைக் கடந்த பின்னர், வடக்கிலிருந்து இறங்கும் காற்றே பெரும்பாலும் இக்குளிருக்குக் காரணமாகும். ஆகவே, மும்பை குளிரும் அந்நாட்களில் இமயச் சரிவுகளில் புதுப்பனி குவிந்து கிடக்கக்கூடும். ஆயினும் அங்கே வானம் தெளிந்து காணப்படும். மழை ஓய்ந்தால் அபாயமும் ஓயும் என்று சஹ்யாத்திரிப் பாதைகளில் பழகிய மனம் ஏமாறும் இடம் இதுவே. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

பனி படலம் படலமாகவே படிகிறது. கடுங்குளிர் இரவுகளில் மேற்பரப்பு மிகவும் குளிர்ந்துவிட, தரையை ஒட்டிய பனியோ ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும். கீழிருந்து எழும் நீராவி, பனித்துகள்களைச் சர்க்கரை போன்று ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாற்றிவிடுகிறது. இதன்மீது புதுப்பனி விழுந்து, காற்றால் இறுகிப் பாளமாகும்போது அபாயம் பிறக்கிறது.

இதனை வகுப்பில் விளக்கப் பனி வேண்டுவதில்லை. பலகையொன்றில் முரட்டுத் துணியை ஒட்டி, சர்க்கரையைத் தூவி, மேலே கோதுமை மாவைப் பரப்பி உள்ளங்கையால் அழுத்துக. ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், மாவு பிளந்து பாளமாக வழுக்கி இறங்கும். பின்னர்ச் சர்க்கரையின்றிச் செய்து, இரு கோணங்களையும் கோணமானியால் அளந்து ஒப்பிடுக. (மாவு வீணாகிறதே என்பார்க்கு: சலித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்.)

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் நிகழ்கின்றன. அத்தகைய சரிவின் அடியில் சமதளத்தில் நிற்பவருக்கும் பாதுகாப்பில்லை. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டின் மறுபக்கத்தில் கொட்டுவதால், காற்று மறைந்த பக்கமே கனம் மிகுந்தது. மனிதரைப் புதைக்கும் சரிவுகளில் பெரும்பாலானவற்றை அவர்களோ அவர்தம் துணைவரோ மிதித்தே தூண்டிவிடுகின்றனர்.

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழு பனிச்சரிவில் சிக்கி, 27 பேருக்கு மேல் மாண்டனர். குளிர்காலம் அப்போது தொடங்கவே இல்லை.

புதைந்தவரைப் பத்து நிமிஷங்களுக்குள் எடுத்தால் பதின்மரில் ஏறக்குறைய ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் மூவரில் ஒருவரே. வெளியுதவி அதற்குள் வந்து சேராது. ஆகையால் இருப்பிடம் உணர்த்தும் சிறு வானொலிக் கருவி, துழாவு கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

மனாலியில் 1969இல் தோன்றிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம், 2020இல் பிறிதொரு ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையமாயிற்று. அது வெளியிடும் அறிக்கையில் அபாய நிலை நிறத்தால் குறிக்கப்படும். அதனைப் பார்ப்பதுடன், கடைசிப் பனிப்பொழிவு எவ்வளவு, காற்று எத்திசை என்று உள்ளூர் வழிகாட்டியிடமும் கேட்டறிக. பெரும் பனிப்பொழிவின் பின் இரண்டு நாட்களேனும் முகாமில் தங்குதல் நலம். சர்க்கரைப் படலம் உள்ள இடத்தில் அதுவும் போதாது. அப்படலம் வாரக்கணக்கில் நீடிக்கும். தவிர்க்கவொண்ணாத சரிவை ஒவ்வொருவராகவே கடக்க வேண்டும். மற்றையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடப்பவர்மீது வைத்த கண்ணை எடுக்கலாகாது.