பங்கு பாதி, கடன் முழுவதும்

அன்பு மகளுக்கு,

நீயும் அண்ணனும் சேர்ந்து சென்னையில் ஃபிளாட் வாங்கப் போவதாக உன் அம்மா சொன்னார். மிகவும் மகிழ்ச்சி. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படி.

வீட்டில் உன் பங்கு பாதியாக இருக்கலாம். கடனில் உன் பொறுப்போ முழுவதும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் யாரிடமும் வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம். அண்ணன் தவணை தவறினால் உன் சிபில் மதிப்பெண்ணும் சரியும். கணக்கு வாராக்கடனாகிவிட்டால், சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புவார்கள். அதற்கும் பணம் வராவிட்டால் வீடு முழுவதும் ஏலத்துக்குப் போகும். என் பாதியைக் கட்டிவிட்டேன், அதை மட்டும் மீட்டுக்கொடுங்கள் என்று கேட்க முடியாது.

ஆகவே கிரயப் பத்திரத்தில் உன் பெயர் இருக்க வேண்டும். கடனில் மட்டும் பெயர் இருந்தால் சுமை உனக்கு, சொத்து அண்ணனுக்கு. யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல். எழுதாவிட்டால், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அவரவர் போட்ட பணத்தைப் பார்க்கும். அதற்குச் சான்று இல்லையென்றால் சம பங்கு என்று கொள்ளும். நீ நகையை விற்று முன்பணம் தருவதானால், உன் வங்கிக் கணக்கிலிருந்தே விற்பவருக்கு அனுப்பு. மாதத் தவணையில் உன் பங்கும் உன் கணக்கிலிருந்தே போகட்டும். அண்ணனுக்காகவும் சேர்த்துக் கட்ட நேர்ந்தால், அந்தத் தொகையை அவனிடம் கேட்க உனக்கு உரிமை உண்டு. வங்கி அறிக்கைகளைப் பத்திரப்படுத்து.

உங்கள் இருவருக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வேலை போனால் தவணையை யார் கட்டுவது, ஒருவர் விலக நினைத்தால் விலையை எப்படி நிர்ணயிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

பலர் ஏமாறும் இடம் இந்த விலகல்தான். உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்தாலும் கடனிலிருந்து உன் பெயர் தானாக நீங்காது. வீடு கைவிட்டுப் போயிருக்கும், கடன் மட்டும் உன் தலையில் நிற்கும். அண்ணன் தன் பெயரில் மட்டும் கடனை மாற்றிக்கொண்டு, உன்னை விடுவித்ததாக வங்கி எழுத்தில் தந்த பிறகே கையெழுத்துப் போடு.

ஒருவர் காலமானால் கடனை அடைக்க, இருவரும் டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்கள். அண்ணன் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவன் பங்கு அம்மா, மனைவி, பிள்ளைகளுக்குச் சேரும். நீங்கள் இருவரும் வாய்வழியாகப் பேசிக்கொண்டது எதுவும் அவன் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தெரிந்திருக்காது. அவர்களுக்கும் உனக்கும் மனக்கசப்பு வராமல் காப்பது எழுத்துதான். அண்ணன்மேல் நம்பிக்கை இருப்பதால்தான் இதை இப்போதே அவனோடு மனம்விட்டுப் பேச முடியும்.

கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் ரத்தானது பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

பதிவுக்கு நாள் குறிக்கும் முன், அண்ணனோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து ஒப்பந்தத்தை எழுதிவிடு.

அன்புடன்,
சித்தப்பா