அடுப்படியிலும் நஞ்சை நிறுத்துவோம்

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-லேயே தடை போட்டது. நியாயம்தான். அந்தத் தண்ணிதானே சிற்றாறா ஓடி, நம்ம குளம், வயலை நனைச்சு, சீவலப்பேரியில் தாமிரபரணியோட சேருது.

ஆனா நம்ம வீட்டுத் தண்ணி? வயலில் மருந்தை நிறுத்தி நாலு வருசம் கழிச்சுத்தான், குளியலறை ஆசிட்டும் சோப்புத்தூள் தண்ணியும் புழக்கடை வாழைக்குப் போறதைக் கவனிச்சேன். சோப்புத்தூளில் உள்ள சோடியம் சேரச் சேர மண் இறுகும்; தண்ணி உள்ளே இறங்காது.

மாற்று வழிகள்:

பாத்திரம், துணி, தரைக்கு: கொட்டை நீக்கிய பூந்திக்காய் 12-ஐ ஒரு லிட்டர் தண்ணியில் இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டவும். இரண்டு மூணு நாளில் தீர்த்துடணும்.

கழிப்பறை, டைல்ஸுக்கு: வெல்லம் 1, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் 3, தண்ணி 10 பங்கு. பிளாஸ்டிக் கேனில் கால்வாசி இடம் விட்டு மூடுங்க. முதல் மாசம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றணும். மூணு மாசத்தில் தயார். சக்கை உரக்குழிக்கு.

பித்தளைக்கு: புளி, சாம்பல்.

இயற்கைன்னாலும் கவனம் வேணும். பூந்திக்காய் நுரை மீனுக்கு ஆகாது. ஓடை, குளத்தில் நேரா விடாதீங்க, மண்ணில் விடுங்க. கண்ணிலும் படக்கூடாது. புளிப்பான எதையும் பிளீச்சிங் பவுடரோட கலக்கவே கூடாது. குளோரின் வாயு வந்து மூச்சடைக்கும்.

முதலில் பூந்திக்காயில் தொடங்குங்க. கை பழகினதும் மத்தது.